டாக்டர் பட்டத்துக்கு வந்த கூட்டம்

ஒரு முனைவர் பட்ட வாய்மொழித் தேர்வுக்குக் கல்லூரி மைதானத்தில் மூன்று அண்டா பிரியாணி வெந்ததை நான் பார்த்திருக்கிறேன். வாசலில் வாழைமரம் கட்டியிருந்தார்கள். பஸ் ஸ்டாப்பிலிருந்து கல்லூரி கேட் வரைக்கும் பிளக்ஸ் வைத்திருந்தார்கள். 'டாக்டரே வருக' என்று, பட்டம் கிடைப்பதற்கு நாலு நாள் முன்பே அடித்து நட்டுவிட்டார்கள். பெயர்தான் தேர்வு. அதில் அவர் தோற்கவும் கூடும் என்கிற நினைப்பு அந்த வளாகத்தில் ஒருவருக்கும் இல்லை. தேர்வு நடத்த வந்தவருக்கும் இல்லை.

அந்த ஆய்வேட்டை எழுதியவள் நான்.

எனக்கு முதுகுளத்தூர்ப் பக்கம். வீட்டில் மிளகாய் விவசாயம். மழை ஏமாற்றிய வருடங்களில் கருவேலத்தை வெட்டிக் கரிமூட்டம் போடுவார்கள். "எம் மக காலேசுல வாத்தியாரா இருக்கு" என்று எங்கள் அய்யா ஊருக்குள் சொல்லிக்கொள்வார். கௌரவ விரிவுரையாளர் என்றால் என்னவென்று நான் அவருக்கு விளக்கியதில்லை. கோடை விடுமுறை தொடங்கும்போது வேலை போய்விடும். கல்லூரி திறக்கும்போது மறுபடி எடுத்துக்கொள்வார்களா என்று துறைத்தலைவரின் முகத்தைப் பார்த்துக்கொண்டு நிற்க வேண்டும். பத்து வருடமாக அப்படித்தான் நின்றேன். இராமநாதபுரத்திலிருந்து பஸ்ஸில் போய்வரும் தூரத்தில் இருந்த அந்தக் கல்லூரியில், என்னைப்போல இன்னும் பல பேர் நின்றார்கள்.

துறைத்தலைவர்தான் என் கைடு. பொருளியல் பேராசிரியர். அவர் பொருளியல் புத்தகம் ஒன்றைக் கையில் எடுத்து நான் பார்த்ததில்லை. அவருடைய பீரோவில் மேல்தட்டு முழுக்க மடித்து வைத்த சால்வைகள் இருந்தன. கட்சிக்காரர் வீட்டுக் காதுகுத்து, கட்சிக்காரர் திறக்கும் டீக்கடை, எதுவானாலும் ஒரு சால்வையோடு அவர் அங்கே இருப்பார். ஆட்சி மாறினால் சால்வையின் கரை மட்டும் மாறும். கல்லூரி முதல்வர் அறையிலும் அதே கதைதான். சுவரில் ஆணி ஒன்றுதான், தலைவர் படம் மட்டும் மாறும். பழைய படம் பெரிதாகவும் புதிய படம் சிறிதாகவும் இருந்துவிட்டால் சுற்றிலும் வெளிறிய சுவர் தெரியும். அதை மறைக்க ஒரு தடவை இரண்டு பியூன்கள் அரைநாள் பெயிண்ட் அடித்தார்கள். வகுப்பறைகளில் பெஞ்சு இல்லாமல் பிள்ளைகள் ஜன்னல் திட்டில் உட்கார்ந்து பாடம் கேட்ட வருடம் அது.

என் பேராசிரியருக்கு ஒரே ஆசை. துணைவேந்தராக வேண்டும். அதற்கு எந்தக் கதவைத் தட்ட வேண்டும் என்று அவருக்குத் தெரிந்திருந்தது. அது கல்வித்துறையின் கதவு இல்லை.

நான் ஆராய்ச்சி செய்தது கடலில் பாசி எடுக்கும் பெண்களைப் பற்றி. எங்கள் பக்கத்துப் பெண்கள் மிளகாய்ப் பழம் பறிக்கிறார்கள், இவர்கள் கடலுக்கடியில் பறிக்கிறார்கள், அவ்வளவுதானே என்று நினைத்துக்கொண்டுதான் போனேன். முதல் நாள் வத்தையில், அதாவது அவர்களுடைய சின்னப் படகில், ஏறி அரைமணி நேரத்தில் வாந்தி எடுத்துச் சுருண்டு படுத்துவிட்டேன். பெண்கள் சிரித்தார்கள். விரல்களில் பழந்துணியைச் சுற்றி, காலில் ரப்பர்ச் செருப்பைக் கயிற்றால் இறுக்கிக் கட்டி, கண்ணாடி மாட்டிக்கொண்டு குதித்தார்கள். மூச்சடக்கி உள்ளே போய், பாறையில் ஒட்டியிருக்கும் பாசியைப் பிய்த்துக்கொண்டு மேலே வந்தார்கள். காலை முழுக்க அப்படி. ஆறு வருடம் பாம்பன் பாலத்தைத் தாண்டிப் போய்வந்தேன். சனி, ஞாயிறு, விடுமுறை எல்லாம் அங்கேதான்.

அக்காள்மடத்தில் இறங்கிக் கடலைப் பார்த்து நடந்தால் ஓர் அக்காவின் வீடு. அவருக்கு அப்போது ஐம்பதை ஒட்டிய வயது. வீட்டுக்காரர் விசைப்படகில் கடலுக்குப் போகிறவர். அந்தத் தெருவில் முதலில் என்னோடு பேசியவர் அந்த அக்காதான். என்னை "டீச்சரு" என்பார். மற்ற பெண்களிடம், "கேக்குறதுக்குச் சொல்லுங்கடி, பாவம், அம்புட்டுத் தூரத்துல இருந்து வருது" என்று எனக்காகப் பேசியவரும் அவர்தான்.

ஒரு நாள் விரலில் துணியைச் சுற்றிக்கொண்டே ஒன்றைச் சொன்னார். மூன்றாவது பிள்ளை வயிற்றில் இருந்தபோது ஏழாம் மாதம் வரை கடலுக்குப் போயிருக்கிறார். போகக் கூடாது என்று மாமியார் தடுத்திருக்கிறார். வீட்டுக்காரர் தங்கலுக்கு, அதாவது கடலிலேயே பல நாள் தங்கி மீன் பிடிக்க, போயிருந்த வாரம், விறகுக்குப் போகிறேன் என்று பொய் சொல்லிவிட்டு இவர் பாசிக்குப் போனார். பவளப்பாறையில் கால் இடறி வயிறு அடிபட்டது. பிள்ளை செத்துப் பிறந்தது. கிணற்றடியில் வழுக்கி விழுந்ததாக வீட்டில் சொல்லியிருக்கிறார். இருபது வருடமாக அதுதான் கதை. வீட்டுக்காரருக்கும் அதுதான் தெரியும். அதற்காகவே அவர் கிணற்றடியைச் சிமெண்ட் போட்டு மெழுகி வைத்திருந்தார்.

"இத எழுதாத டீச்சரு" என்றார் அக்கா. "ஒங்கிட்டச் சொல்லணும்னு தோணுச்சு, சொன்னேன்."

"எழுதலக்கா" என்றேன். ஆனால் பஸ்ஸில் வரும்போது எழுதிவிட்டேன். ஆராய்ச்சிக்காரியின் கை சும்மா இருக்காது. எழுதிய பிறகு பக்கத்தின் தலையில் சிவப்பு மையால் 'இது வேண்டாம்' என்று போட்டேன். என்னுடைய ஆய்வேட்டில் அதைச் சேர்க்கவில்லை. அந்த அளவுக்கு அப்போது நான் யோக்கியமாகத்தான் இருந்தேன்.

என் வாய்மொழித் தேர்வு ஒரு புதன்கிழமை நடந்தது. பதினொரு பேர் இருந்தார்கள். மிக்சரும் டீயும் கொடுத்தோம். மாலையில் பஸ் ஏறி வீட்டுக்குப் போனேன்.

அதற்கு ஒரு வருடம் கழித்துப் பேராசிரியர் என்னை அறைக்குக் கூப்பிட்டார். எதிரே ஒருவர் காலை நீட்டி உட்கார்ந்திருந்தார். எங்கள் பக்கம் கட்சியில் மாவட்டப் பொறுப்பில் இருப்பவரைப் பெயர் சொல்லி யாரும் கூப்பிட மாட்டார்கள். 'மாவட்டம்' என்பார்கள். மாவட்டம் வருது, மாவட்டம் சாப்பிடுது. இவர்தான் அந்த மாவட்டம். ஐஸ் கம்பெனி, கல்யாண மண்டபம், லாரிகள் எல்லாம் வைத்திருந்தார். அவருடைய கட்சியிலேயே அவருக்குப் போட்டியாக இருந்த ஒருவர், கேள்விப்படாத ஏதோ ஒரு வெளிநாட்டுப் பல்கலைக்கழகத்தில் கௌரவ டாக்டர் வாங்கிப் போஸ்டரில் போட்டுக்கொண்டுவிட்டார். இவருக்கு அது பொறுக்கவில்லை. தனக்கு நிஜ டாக்டர் வேண்டும் என்று பகுதிநேர ஆராய்ச்சி மாணவராகப் பதிந்து வைத்திருந்தார். பதிந்ததோடு சரி.

"இந்தப் பிள்ளைதானா?" என்றார் மாவட்டம்.

"இவதாண்ணே. கெட்டிக்காரி" என்றார் பேராசிரியர். பிறகு என்னிடம், "ஏம்மா, ஒன் நேர்காணல் நோட்டெல்லாம் பத்திரமா இருக்குல்ல? ஒன் தீசிஸ்ல பாதியத்தான் போட்ட. மிச்சம் சும்மாதான கெடக்கு?"

"இருக்கு சார்."

"அண்ணனுக்கும் அதே தலைப்ப ஒட்டித்தான் பதிஞ்சிருக்கோம். கொஞ்சம் வடிவம் பண்ணிக் குடுத்திரு. ஜூன்ல கௌரவ விரிவுரையாளர் லிஸ்டு போடணும். அதுக்கப்புறம் நிரந்தரப் பணியிடமும் வருதுங்கிறாக. அண்ணன் நம்ம பக்கம் இருந்தா நல்லதுதான?"

மாவட்டம் என்னிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டார். "எத்தன பக்கம் வரும் தாயி?"

"முன்னூறு வரும் ஐயா."

"கொஞ்சம் கனமாவே இருக்கட்டும். மேடையில தூக்கிக் காட்டணும்ல."

ஆராய்ச்சியைப் பற்றி அவர் என்னிடம் பேசியது அவ்வளவுதான்.

நான் மறுத்தேன், மிரட்டினார்கள் என்று எழுத எனக்கும் ஆசைதான். யாரும் மிரட்டவில்லை. முப்பத்தொன்பது வயது எனக்கு. அரசு வேலைக்கு வயது வரம்பு தலைக்கு மேல் நின்றது. சரி சார் என்றேன். ஐந்து மாதம் உட்கார்ந்து எழுதிக் கொடுத்தேன். நன்றாகவே எழுதினேன்.

நோட்டுகளை எல்லாம் பேராசிரியர் வாங்கிப் பார்த்தார். சிவப்பு மை போட்ட பக்கத்தில் நிறுத்தினார். வாசித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார்.

"இதுதாம்மா உயிரு. இத நாலாம் இயல்ல வை."

"சார், அவங்க எழுத வேண்டாம்னு சொல்லியிருக்காங்க."

"பேரா போடப்போற? நம்பர்தான?"

அது சரிதான் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். 'தகவலாளி 14' என்று தட்டச்சு செய்தேன். கிணற்றடியையும் விடவில்லை, சிமெண்டையும் விடவில்லை. விவரம் இருந்தால்தானே உயிர் இருக்கும். நோட்டுகளைப் பேராசிரியர் திருப்பித் தரவே இல்லை. நானும் கேட்கவில்லை.

தேர்வு நாளன்று என்னை வரவேற்பில் நிற்கச் சொல்லியிருந்தார்கள். சந்தனமும் கற்கண்டும் வைத்த தட்டோடு, பட்டுச்சேலை கட்டிக்கொண்டு நின்றேன். கட்சிக்காரர்கள் கரைவேட்டியோடு வரிசையாக வந்தார்கள். மற்றத் துறைப் பேராசிரியர்கள் வாசலிலேயே வரிசை போட்டு நின்றார்கள். பத்து மணிக்கு இரண்டு வேன்கள் வந்து நின்றன. பெண்கள் இறங்கினார்கள். முதலில் இறங்கியவர்களைப் பார்த்ததும் தட்டோடு இரண்டடி பின்னால் நகர்ந்தேன். எல்லாரும் பாசிக்காரப் பெண்கள். ஆய்வுக்கு உதவிய மீனவப் பெண்கள் என்று கூட்டத்துக்குக் காட்ட, என்னிடம் சொல்லாமல் பேராசிரியர் செய்த ஏற்பாடு அது. ஊர், தெரு எல்லாம் என் நோட்டிலேயே இருந்ததே.

அக்கா நீலச்சேலை கட்டி, தலையில் பூ வைத்திருந்தார். கூடவே அவருடைய நாத்தனார். என்னைப் பார்த்ததும் அக்கா ஓடி வந்து, தட்டோடு சேர்த்து என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார்.

"ஏ டீச்சரு! ஒனக்குப் பட்டம் குடுக்கப் போறாகளாம்ல? பாசி எடுக்குறதப் பத்திப் படிச்ச படிப்புக்குன்னு சொல்லித்தான் வேன் வந்துச்சு. நான்தான் எல்லாரையும் கெளப்பிக் கூட்டியாந்தேன்."

"எனக்கில்லக்கா. எனக்கு முன்னாடியே குடுத்துட்டாக. இது வேற ஒருத்தருக்கு."

"வேற யாரு?"

அதற்குள் பறை முழங்கியது. மாவட்டத்தின் கார் வந்துவிட்டது. நான் தட்டைத் தூக்கிக்கொண்டு ஓடினேன்.

கருத்தரங்கக் கூடத்தில் முதல் வரிசை கட்சிக்கு. இரண்டாம் வரிசையில் பெண்களை உட்கார வைத்தார்கள், வீடியோவில் தெரிய வேண்டும் என்று. வெளியூர்ப் பல்கலைக்கழகத்திலிருந்து வந்த புறத் தேர்வாளர் ஒல்லியான, சாந்தமான மனிதர். அவருக்கு நடப்பது புரிந்திருந்தது. புரியாத மாதிரி இருக்கப் பழகியிருந்தார். தேர்வு தொடங்கும் முன்பே அவருக்கு ஆளுயர மாலை போட்டார்கள். மாலையோடு உட்கார்ந்து கேள்வி கேட்கும் தேர்வாளரை அன்றுதான் பார்த்தேன்.

மாவட்டம் மைக்கைப் பிடித்தார். நான் எழுதிய பதினைந்து பக்கச் சுருக்கத்தை மேடைக் குரலில் வாசித்தார். 'உழைப்புப் பங்கேற்பு விகிதம்' என்ற இடத்தில் தடுமாறி, "அத விடுங்க" என்று அடுத்த பக்கத்துக்குத் தாவினார். கைதட்டினார்கள். பிறகு குரலைத் தாழ்த்தினார். அழப்போகிற மாதிரி நிறுத்தி நிறுத்தி வாசித்தார்.

"தகவலாளி பதினாலு. அக்காள்மடத்துச் சகோதரி. ஏழு மாசக் கர்ப்பிணி. மாமியாரு கண்ணுல மண்ணத் தூவிட்டு, விறகுக்குப் போறேன்னு சொல்லிட்டு..."

நான் சுருக்கத்தில் அதை வைக்கவில்லை. பேராசிரியர் பிறகு சேர்த்திருக்கிறார். நான் இரண்டாம் வரிசையைப் பார்த்தேன். மற்ற பெண்கள் உச்சுக்கொட்டிக்கொண்டிருந்தார்கள். அக்கா முதலில் ஏதோ யோசிப்பவர் மாதிரி தலையைச் சாய்த்துக் கேட்டார். கிணற்றடி வந்தது. இன்றுவரை உண்மை அறியாத கணவன் சிமெண்ட் போட்டு மெழுகியது வந்தது. நாத்தனார் மெல்லத் திரும்பி அக்காவின் முகத்தைப் பார்த்தார். பார்த்தபடியே இருந்தார். அந்த ஹாலில் அக்காவுக்கு நடந்துகொண்டிருந்தது என்னவென்று தெரிந்தது அவருக்கும் நாத்தனாருக்கும் எனக்கும்தான். மாவட்டத்துக்குத் தெரியாது. அவர் கைக்குட்டையால் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

புறத் தேர்வாளர் இரண்டு கேள்வி கேட்டார். இந்தத் தலைப்பைத் தேர்ந்தெடுக்க உங்களைத் தூண்டியது எது என்பது ஒன்று. பதில் கால்மணி நேரம் போனது. இரண்டாவது கேள்வி ஞாபகமில்லை. பிறகு வழக்கப்படி, "அவையில் யாருக்காவது கேள்வி உண்டா?" என்றார். இது எப்போதும் ஒரு சடங்கு. முன்கூட்டியே எழுதிக் கொடுத்த கேள்வியை யாராவது ஒரு மாணவர் எழுந்து கேட்பார்.

அக்கா எழுந்தார்.

"ஐயா, நீங்க எப்ப எங்க வீட்டுக்கு வந்தீக?"

கூட்டம் சிரித்தது. மாவட்டமும் சிரித்தார். "என்ன தாயி இப்படிக் கேட்டுட்ட? போன தேர்தலுக்கு ஒங்க தெரு முழுக்க நடந்தே வந்தேனே."

"அப்ப ஓட்டுத்தான கேட்டீக? இதக் கேக்கலையே."

சிரிப்பு நின்றது. புறத் தேர்வாளர் மாலையைச் சரிசெய்துகொண்டு, "அம்மா, இங்க ஆய்வைப் பற்றிய கேள்வி மட்டும்தான்" என்றார்.

"நானும் அதத்தான்யா கேக்குறேன். இவரு படிச்சது எங்க வீட்டுச் சங்கதி. நான் இவருகிட்டச் சொல்லல. அந்தா நிக்கிதுல்ல, அந்தப் பிள்ளைகிட்டச் சொன்னேன். எழுதாதன்னு சொல்லித்தான் சொன்னேன்."

எல்லாத் தலையும் என் பக்கம் திரும்பியது. வீடியோக்காரரும் திரும்பினார். பேராசிரியர் மேடையிலிருந்து இறங்கி, முகத்தில் சிரிப்பு மாறாமல், ஒரு மைக்கை என்னிடம் கொண்டுவந்து நீட்டினார். "சொல்லும்மா" என்றார். என் கையில் தட்டு இருந்தது. அதை அவரே வாங்கிக்கொண்டார்.

இப்போது யோசித்தால் சொல்வதற்கு எத்தனையோ இருந்தன. ஒன்றும் சொல்லாமல் வெளியே போயிருக்கலாம். நான் சொன்னது இது: "ஐயாவின் ஆய்வுக்குத் தகவல் திரட்டும் உதவியாளராகத்தான் நான் களத்துக்குப் போனேன். அம்மாவிடம் அதைச் சரியாக விளக்காமல் விட்டது என் தவறு."

அழகான எழுத்துத் தமிழில், ஒரு திணறலும் இல்லாமல் சொன்னேன். கைதட்டினார்கள். புறத் தேர்வாளர் நிம்மதியாக மூச்சுவிட்டது மைக்கில் கேட்டது. அக்கா என்னைப் பார்த்தார். கோபமாகப் பார்த்திருந்தால் தாங்கியிருப்பேன். ஆள் தெரியாதவளைப் பார்ப்பதுபோல் பார்த்தார். இருக்கையிலிருந்து பையை எடுத்துக்கொண்டு, வரிசையை விலக்கிக்கொண்டு வெளியே போனார். வேனுக்குக் காத்திருக்கவில்லை. பஸ் ஸ்டாப் வரைக்கும் அத்தனை பிளக்ஸையும் தாண்டி நடந்துதான் போயிருக்க வேண்டும். நாத்தனார் உட்கார்ந்தே இருந்தார், பிரியாணி வரைக்கும்.

நானும் சாப்பிட்டேன். அதையும் சொல்லிவிட வேண்டும். பேராசிரியர் என் இலையில் தானே இன்னொரு கரண்டி வைத்து, "நல்ல நேரத்துல சமாளிச்சம்மா" என்றார்.

அடுத்த வாரம் அக்காள்மடத்துக்குப் போனேன். தெருவில் யாரும் வா என்று சொல்லவில்லை. அக்கா வாசலில் உட்கார்ந்து கிழிந்த வலையைப் பிரித்துக்கொண்டிருந்தார். நிமிரவில்லை.

"அவருகிட்ட நாத்தனா அன்னைக்கே சொல்லிட்டா" என்றார். "அவரு அடிக்கல, வையல. நெசமான்னு ஒரே ஒரு வார்த்த கேட்டாரு. நெசந்தான்னேன். மறுநாளு கெணத்தடிச் சிமிட்டிய முழுக்கக் கொத்திப் போட்டுட்டாரு. எங்கூடப் பேச்சில்ல."

நான் மன்னிப்புக் கேட்டேன். அக்கா வலையை விட்டுக் கையை எடுக்கவில்லை.

"தீவுப் பக்கம் பாசி எடுக்க வரக் கூடாதுன்னு பாரஸ்டுக்காரன் எத்தனையோ பேரு எங்கள மறிச்சிருக்கான். வத்தைய இழுத்துட்டுப் போயிருக்கான். எல்லாரும் மூஞ்சிக்கு நேரா வந்துதான் மறிச்சான். நீ எங்கூடச் சோறு தின்னுட்டு, நோட்டுல எழுதிட்டுப் போயி குடுத்துட்டியே."

"தப்புதான்க்கா."

"அந்தப் புஸ்தகத்துல எம் பேரு இருக்கா?"

"இல்லக்கா. நம்பர்தான்."

"அத யாரு வேணும்னாலும் எடுத்துப் படிக்கலாமா?"

"யுனிவர்சிட்டி லைப்ரரில இருக்கும். படிக்கலாம்."

"அப்ப இனிமே இங்கன வராத" என்றார்.

ஊருக்குத் திரும்பிய வாரத்திலேயே பல்கலைக்கழகத்துக்குப் புகார் எழுதினேன். ஆய்வேட்டை எழுதியது நான், களத்துக்குப் போனது நான், அவையில் பொய் சொன்னதும் நான் என்று மூன்று பக்கம். துணிச்சல் என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். துணிச்சல் வேண்டிய நாள் ஏற்கெனவே போய்விட்டது. விசாரணைக் குழு என்று மூன்று பேராசிரியர்களைப் போட்டார்கள். மூவரும் என் பேராசிரியரோடு சால்வை போட்டுக்கொண்டவர்கள். ஒருவர் என்னை மகளே என்று கூப்பிட்டுப் பேசினார்.

"ஆதாரம் வேணுமே மகளே. நோட்டு இருக்கா?"

"சார்கிட்ட இருக்கு."

"அவரு இல்லேங்கிறாரு. வேற?"

நோட்டில் எழுதியதோடு செல்போனிலும் பதிந்து வைத்திருந்தேன், அதில் அக்காவின் குரல் இருந்தது. நான் கேள்வி கேட்பதும், அவர் பதில் சொல்வதும், எழுதாதே என்று சொன்னதும் எல்லாம் பதிவில் இருந்தது. அதைக் கொடுத்தால் என் பேச்சு எடுபடும். கொடுத்தால் இந்த மூன்று பேர் உட்கார்ந்து அதைக் கேட்பார்கள். அவர்களுடைய கிளார்க் கேட்பான். நாளைக்கு அது எந்த வாட்ஸ்அப் குழுவில் வரும் என்று யாருக்குத் தெரியும்? அக்காவுக்குப் போன் செய்து கேட்டேன். "இன்னும் எத்தன பேரு கேக்கணும்?" என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டார். வேறு ஆதாரம் இல்லை என்று குழுவிடம் சொன்னேன்.

அவர்களிடம் ஆதாரம் இருந்தது. மடிக்கணினியைத் திருப்பி எனக்கே வீடியோவைக் காட்டினார்கள். பட்டுச்சேலையில் நான் நின்று, உதவியாளராகத்தான் போனேன் என்று தெளிவாகச் சொல்கிறேன். கைதட்டல்வரை ஓடவிட்டு நிறுத்தினார்கள்.

புகார் முடிக்கப்பட்டது. ஜூனில் துறையில் பாடவேளை குறைந்துவிட்டதால் என் பணி தேவைப்படவில்லை என்று ஒரு வரியில் தகவல் வந்தது. என் பாடவேளைகளை எடுத்துக்கொள்ள வந்தவர் கட்சிப் பொறுப்பாளர் ஒருவரின் மருமகள் என்று கேள்விப்பட்டேன். நல்ல பெண்ணாகக்கூட இருக்கலாம். அவளும் அந்தச் சால்வை பீரோவுக்கு எதிரே நிற்க வேண்டியவள்தான்.

அய்யாவிடம் உண்மையைச் சொன்னேன். முழுக்கக் கேட்டார். எனக்காகப் பரிந்து ஏதாவது சொல்வார் என்று எதிர்பார்த்தேன். "அந்தப் பொம்பள சொன்னத நீ எதுக்கு எழுதுன?" என்று கேட்டார். வேலை போனதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை.

இப்போது பரமக்குடியில் போட்டித்தேர்வுப் பயிற்சி மையம் ஒன்றில் பாடம் எடுக்கிறேன். அங்கேயும் கௌரவம் இல்லை, ஆனால் அப்படி ஒரு பெயரும் இல்லை. என் பேராசிரியர் துணைவேந்தர் ஆகவில்லை. இன்னும் பெரிய கதவைத் தட்டத் தெரிந்த வேறொருவர் ஆனார். அதில் எனக்கு ஒரு சின்னச் சந்தோஷம் உண்டு, அதை மறைக்கவில்லை. மாவட்டம் இப்போது எல்லாப் பிளக்ஸிலும் டாக்டர். கல்வி மேம்பாடு பற்றிப் பேசப் பள்ளிக்கூடங்களுக்கும் போகிறார். பாசி எடுக்கும் பெண்களின் சங்கத்துக்கு ஏதோ கௌரவத் தலைவர் ஆக்கிவிட்டார்களாம்.

போன கோடையில் பல்கலைக்கழக நூலகத்துக்குப் போனேன். பழைய மாணவி என்று சொல்லி உள்ளே போய், ஆய்வேட்டுப் பிரிவில் அந்தக் கனமான புத்தகத்தைக் கேட்டு வாங்கினேன். எடுத்துக் கொடுத்தவர் தூசி தட்டினார். எனக்கு முன்னால் ஒருவரும் அதைத் திறந்திருக்கவில்லை. நாலாம் இயலில் ஐந்து தாள்களை ஸ்கேலை வைத்துக் கிழித்துக் கைப்பையில் மடித்து வைத்துக்கொண்டேன். வாசலில் காவலாளி பையைத் திறந்து, புத்தகம் இருக்கிறதா என்று பார்த்தார். புத்தகம் இல்லை. போகச் சொன்னார்.

பஸ்ஸில் அந்தத் தாள்களை வாசித்தேன். நன்றாக எழுதியிருந்தேன். அதுதான் இன்னும் எரிச்சலாக இருந்தது. வீட்டில் அடுப்பில் போட்டுவிட்டு அக்காவுக்குப் போன் செய்தேன். எடுக்க மாட்டார் என்று நினைத்தேன். எடுத்தார்.

"அக்கா, அந்தப் பக்கத்தக் கிழிச்சு எரிச்சிட்டேன்."

"அந்த வீடியோ?" என்றார்.

"எந்த வீடியோ?"

"அந்த ஆளு படிச்சு அழுகுறது. நாத்தனா மக போனுல வந்துச்சே. எங்க தெருவுல எல்லாரும் பாத்துட்டாக."

கடலுக்குப் போகணும், வத்தை நிக்கிது என்று சொல்லி அக்கா போனை வைத்துவிட்டார்.

மாவட்டத்தின் ஆட்கள் நடத்தும் முகநூல் பக்கத்தில் அந்த வீடியோ இன்னும் இருக்கிறது. அதை நீக்கச் சொல்லி நான் பல தடவை எழுதியிருக்கிறேன். விதிமீறல் எதுவும் இல்லை என்று ஒவ்வொரு தடவையும் ஒரே பதில் வருகிறது. கீழே கருத்துகளில், 'ஏழைகளின் வலியைப் படித்த டாக்டர்' என்று யாரோ எழுதியிருக்கிறார்கள். அதற்கு என் பேராசிரியர் கைகூப்பும் படம் போட்டிருக்கிறார்.